தொலைந்த லேப்டாப்பில் ஒரு காதணி விழா

பஸ்ஸில் லேப்டாப் திருடுபோன அன்றே ஜெசிமா வங்கிப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். மெயில் கணக்கிலிருந்து மட்டும் லேப்டாப்பை வெளியேற்றவில்லை. மூன்று வருட ஆய்வு அதற்குள்தான் இருந்தது. எடுத்தவன் அந்தக் கணக்கில் கைவைத்தால் துப்புக் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை.

நான்காம் நாள் காலை, அதே கணக்கில் புதுக் கோப்பு ஒன்று அவள் போன் திரையில் தானாக நிரம்பத் தொடங்கியது. காதணி விழா அழைப்பிதழ். குழந்தையின் பெயர் யாழிசை. பிறகு தாய்மாமன்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள்.

"என்னடி வேடிக்கை? லாக் அவுட் குடு. மெயில் வழியா பேங்குக்குள்ள பூந்துருவான்," என்றாள் அறைத்தோழி ஷெர்லி.

"இருடி, மாமன் பேரெல்லாம் முடியட்டும். ஒருத்தர் விட்டுப்போனாலும் விசேஷத்துக்கு வரமாட்டாங்க."

"ஆமா, நீயும் போயி சீர் வையி!"

கடைசி மாமனும் வந்தார். அவருக்குக் கீழே, எல்லா அழைப்பிதழ்களிலும் ஓரமாக இருப்பதுபோல, பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் செல் நம்பரும் விழுந்தன. ஜெசிமா ஷெர்லியின் போனை வாங்கி நம்பரை அடித்தாள். கோப்பில் எழுத்து நின்றது.

"சொல்லுங்கம்மா, கல்யாணப் பத்திரிகையா?"

"புதுசா லேப்டாப் வாங்கியிருக்கீங்களாண்ணே?"

"செகண்ட்ஸ்லதாம்மா வாங்குனேன்..." அவருக்குப் பின்னால் ஒரு பெண், "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள பத்திரிகை வேணும்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஷெர்லியின் விரல் ஜெசிமாவின் போனில் லாக் அவுட்டுக்குப் போனது. ஜெசிமா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல அவங்களுக்கு அடிச்சுக் குடுத்துட்டு வாங்கண்ணே. நான் லைன்லயே இருக்கேன்."