கீழ்வீட்டுப் பங்கு

"நாலு வீட்டுக்கும் ஒரே பேட்டரி. நாலு பேருக்கும் சமமா பங்கு. உங்க பங்கு மட்டும் தினமும் எப்படி சார் கரண்ட் வர்ற நேரத்துக்குச் சரியா துடைச்சு வெச்ச மாதிரி காலியாகுது?"

கேட்டவர் கட்டிடத்துச் செக்ரெட்டரி. லைன்மேன் கடைசிப் படியில் உட்கார்ந்து தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தக் கட்டிடத்தில் அவருக்கு அதுதான் பெயர். கீழ்வீட்டில் தனியாக இருந்தார்.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு கரண்ட் போனால் திரும்பி வர பத்து மணியாகும். அதுவரை, மொட்டைமாடி சோலார் தகடுகள் பகலில் சேர்த்து வைத்ததுதான் எல்லோருக்கும். படிக்கட்டுச் சுவரில் வீட்டுக்கு ஒன்றாக நாலு மீட்டர். பங்கு தீர்ந்தால் அந்த வீட்டு லைன் தானாகவே அணைந்துவிடும்.

"விளக்கு எரிஞ்சாலாவது சரிங்கலாம். இவர் வீடு எப்பவும் கும்மிருட்டு," என்றாள் எதிர்வீட்டு டீச்சர். "ஃபேன் சுத்தறதில்ல, டிவி கிடையாது. அப்ப கரண்ட் எங்க போகுது? குடிச்சுடறாரா?"

யாரோ சிரித்தார்கள்.

"வெளியாளுங்க பேட்டரியைக் கொண்டுவந்து இவர்கிட்ட சார்ஜ் போட்டுக்கிட்டுப் போறதா கேள்வி," என்று டீச்சரே தொடர்ந்தாள்.

"கண்ணால பார்த்தீங்களா?" என்றார் செக்ரெட்டரி.

"பார்க்கல. கேள்விதான்."

"அதெல்லாம் விடுங்க. நம்ம பாப்பா அம்மாவைப் பாருங்க," என்றார் செக்ரெட்டரி. "மூச்சு மெஷின் ஓடற வீடு. அப்படியும் அவங்க மீட்டர்ல பாதிப் பங்கு மிச்சம் நிக்குது. சிக்கனம்னா அது!"

மாடிவீட்டுப் பாப்பா அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் இனிக்கவும் செய்தது. திறந்திருந்த அவள் வீட்டுக் கதவு வழியாக டிவி சத்தம் படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை. தூங்கும்போதெல்லாம் மெஷின் வேண்டும். கரண்ட் போகிற நேரம் நெருங்கினாலே இவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். லைன்மேன் மேல் புகார் எழுதிக் கொடுத்தவளே இவள்தான்.

"நான் யாரையும் குறை சொல்ல வரல சார்," என்றாள். "எனக்கு சொகுசு எதுவும் வேணாம். என் பொண்ணு மூச்சு விடணும், அவ்வளவுதான். ஒருத்தர் இப்படி அள்ளிக்கிட்டே இருந்தா பேட்டரி ஒருநாள் மொத்தமா படுத்துடும். அப்ப நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

லைன்மேன் முதல்முறையாக நிமிர்ந்தார். "படுக்காதும்மா. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்கறதுதான் சார் பயமா இருக்கு."

புகாரைப் பார்க்க வரவழைத்திருந்த சோலார் மெக்கானிக் அதற்குள் மீட்டர் பெட்டியைத் திறந்துவிட்டார். "இதுல சண்டை எதுக்கு? இவர் லைனை மட்டும் அணைக்கறேன். எங்க எது நிக்குதுன்னு பாருங்க. கையும் களவுமா தெரிஞ்சுடும்."

லைன்மேன் பதறி எழுந்தார். "தம்பி, வேணாம்ப்பா. இப்ப அணைக்காதே. காலையில வா, கரண்ட் இருக்கறப்ப எப்படி வேணா பாரு."

"முகம் எப்படி வெளுத்துப்போச்சு பார்த்தீங்களா?" என்றாள் டீச்சர்.

"அணைங்க," என்றாள் பாப்பா அம்மா.

மெக்கானிக் சுவிட்சைத் தட்டினார்.

எல்லோரும் கீழ்வீட்டைப் பார்த்தார்கள். அங்கே அணைய எதுவும் இல்லை. முன்பிருந்த அதே இருட்டு.

மேலே டிவி சத்தம் நின்றது. அடுத்த நொடி, 'பீப்... பீப்... பீப்...'

"மெஷின் நின்னுடுச்சு!" மாடியிலிருந்து அவள் கணவன் அலறினான்.

அவள் படியேறத் திரும்புவதற்குள், லைன்மேன் மெக்கானிக்கைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து சுவிட்சை மேலே தட்டினார்.

பீப் ஒலி நின்றது.

"ஓடுது... ஓடுது. பாப்பா நல்லாதான் இருக்கா," என்றது மேலிருந்து வந்த குரல்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு ஒயர், மழைத்தண்ணீர்க் குழாயை ஒட்டியே ஏறி, அவள் படுக்கையறைக்குள் போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுப் பங்கு தீர்ந்து மெஷின் நின்றுபோனது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. வீட்டுச் சாவியை லைன்மேன் கையில் திணித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. "இதுல மெஷினைத் தவிர வேற எதையும் மாட்டாதம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் எது அணைந்தாலும் அந்தப் பாயிண்ட் அணைந்ததில்லை. ராசியான பாயிண்ட் என்று கணவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்..." செக்ரெட்டரியின் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா கூச்சப்படும் சார். கூச்சப்பட்டு ஒருநாள் மாட்டாம விட்டுட்டா?" என்றார் லைன்மேன். "எனக்கென்ன, ஒண்டிக்கட்டை. இருட்டுல உட்கார்ந்தா தேய்ஞ்சா போயிடுவேன்?"

கொஞ்சம் தயங்கி மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒண்ணுதான் தம்பி எனக்குப் புரியல. அது சின்ன மெஷின். கணக்குப் பார்த்தா என் பங்குல கால்வாசிகூட இழுக்கக் கூடாது. எனக்கு ஒரு விளக்குக்காவது மிஞ்சும்னுதான் நெனச்சேன்."

பாப்பா அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

மேலே, ஆளில்லாத கூடத்தில், தொட்டில் பாயிண்ட்டிலிருந்து அவள் நீளமாக இழுத்து விட்டிருந்த ஒயரில், டிவி மறுபடியும் பேசத் தொடங்கியிருந்தது.