ஹாரன் அடிக்கும் ஆந்தை

“அப்பா, நாளைக்கு நீங்கதான் எங்க கிளாசுக்கே டென்ட் கட்டிக் காட்டப் போறீங்க. மிஸ் சொல்லிட்டாங்க!”

காபி குடித்துக்கொண்டிருந்த எடையளவு ஆய்வாளருக்குப் புரையேறியது.

“நானா?”

“பின்னே? கேம்ப் பத்திப் பாட்டு எழுதச் சொன்னாங்கல்ல, என் பாட்டுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ். அதனால நாளைக்கு ஸ்கூல் கிரவுண்டுல நிஜ கேம்ப்! டென்ட்கூட மிஸ் இரவல் வாங்கி வெச்சிருக்காங்க.”

நான்காம் வகுப்பு வாலு, நடு ஹாலில் நின்று பாட ஆரம்பித்தாள்.

காட்டுக் குள்ளே எங்கள் அப்பா
கட்டி வைத்தார் கூடாரம்!
ஹாரன் அடித்துப் பறக்கும் ஆந்தை
அங்கே உண்டு ஏராளம்!

குழாயை மூடினால் நின்றுவிடும்
குட்டி அருவி பக்கத்தில்!
கதவைத் தட்டிக் கரடி கேட்கும்
‘காபி வேண்டுமா?’ வெட்கத்தில்!

“ஆந்தை ஹாரன் அடிக்குது, கரடி காபி வேணுமாங்குது, என்ன கற்பனைடின்னு மிஸ் என்னை அப்படியே தூக்கிட்டாங்கப்பா!” என்று சொல்லிவிட்டு வாலு விளையாட ஓடிப்போனாள்.

ஆய்வாளர் பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது அவர் வேலை. மாதத்தில் பத்து நாள் வெளியூர். அதற்கு ஆபீசில் ‘கேம்ப்’ என்று பெயர். மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, “அப்பா கேம்ப் போயிருக்கார்” என்று அம்மா சொன்னதைக் கேட்டவள், படப் புத்தகத்தில் கேம்ப் என்றால் கூடாரம் என்று பார்த்துவிட்டு, போனில் “டென்ட் பெருசாப்பா?” என்றாள். இவரும் வாய் சும்மா இராமல், “ரொம்பப் பெருசுடா” என்று சொல்லித் தொலைத்தார்.

அன்றைக்குத் தொடங்கியது. தினமும் போனில் ஒரு காடு, ஓர் அருவி, ஒரு கரடி. தங்குவதென்னவோ ஏதாவது ஒரு லாட்ஜில். பத்து கிராம் குறைந்தால்கூடக் கடைக்காரரை விடாத மனிதர், மகளிடம் மட்டும் நாலு வருஷமாகக் கதை அளந்துகொண்டிருந்தார்.

“பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன்” என்றாள் மனைவி.

“இப்பவா? பிரைஸே கொடுத்தாச்சு! ‘உங்கப்பா புளுகுமூட்டை’ன்னு கிளாசே அவளைக் கேலி பண்ணும். என் மானம் போனா போகட்டும். நாலு பேர் முன்னாடி குழந்தை முகம் வாடக் கூடாது.”

கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டடைக் குச்சியும் போர்வையுமாக ஒத்திகை பார்த்தார். மூன்று தடவையும் கூடாரம் அவர் தலையிலேயே விழுந்தது.

“முதல்ல போர்வையை விட்டு வெளிய வாங்க. அப்புறம் காட்டுக்குப் போகலாம்” என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் காலை, பள்ளி மைதானத்தில் முப்பது பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“அங்கிள், அந்த ஆந்தை என்ன கலர்?”

“அது வந்து... மஞ்சள்.”

“கரடி சர்க்கரை போடுமா அங்கிள்?”

“கேட்டா போடும்.”

பையைக் கவிழ்த்தார். துணி, கயிறு, வளைகிற குழாய்கள், ஒரு கைப்பிடி ஆணி. எது எதற்கு என்று ஒன்றும் புரியவில்லை. ஒரு குழாயை எடுத்து வளைத்தார்; அது துள்ளிப் போய் மிஸ் காலடியில் விழுந்தது. ஆய்வாளர் திருதிருவென்று விழித்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாலு குதித்து முன்னால் வந்தாள்.

“எங்கப்பா எப்பவும் இப்படித்தான். வேணும்னே தப்பாப் பண்ணி, நமக்குத் தெரியுதான்னு டெஸ்ட் வைப்பார். இந்தக் குழாய் இந்த ஓட்டைக்குள்ள போகணும். சரிதானேப்பா?”

“ச... சரிதான்! கரெக்ட்!”

“அடுத்தது நாலு மூலையிலயும் ஆணி. சரிதானேப்பா?”

“சபாஷ்!”

அவள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் இழுத்துக் கட்ட, பத்தே நிமிஷத்தில் நீலக் கூடாரம் நிமிர்ந்து நின்றது. மைதானமே அதிர்ந்தது. “சொல்லிக் கொடுத்தா இப்படிச் சொல்லிக் கொடுக்கணும்!” என்று மிஸ் கைதட்டினார். அசடு வழியக் கும்பிட்டாலும் ஆய்வாளருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது.

முதலில் உள்ளே நுழையும் மரியாதை அப்பாவுக்கும் மகளுக்கும். நீல வெளிச்சத்தில் இருவரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். இனியும் மறைக்க மனசு வரவில்லை.

“வாலு, அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கேம்ப் போறேன்னு போறது...”

“லாட்ஜுக்கு. தெரியும்பா.”

“தெரியுமா? எப்படி?” என்றார் அவர்.

“நீங்க ஆந்தை கத்துதுன்னு சொல்றப்பல்லாம் பின்னாடி பஸ் ஹாரன் கேட்குமே! அருவின்னு சொல்லிட்டே குழாயை மூடுவீங்க. கரடி வந்துடுச்சுன்னு சொல்றப்ப, லாட்ஜுல காபி கொண்டுவர்ற அங்கிள் கதவைத் தட்டுறது எனக்குக் கேட்காதா? போன்ல கேட்டதைத்தான்பா எழுதினேன். மிஸ்தான் கற்பனைன்னுட்டாங்க. உங்களுக்கு டென்ட் கட்டத் தெரியாதேன்னுதான், ஸ்கூல்ல டென்ட் பையில இருந்த, எப்படிக் கட்டணும்கிற காகிதத்தை நேத்தே படிச்சு வெச்சுக்கிட்டேன்.”

“அடிப்பாவி! தெரிஞ்சும் இத்தனை நாளா ஏன்டா சொல்லலை?”

வாலு அவர் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா நீங்க கதை சொல்றதை நிறுத்தியிருப்பீங்களேப்பா!”