காலை ஏழு மணி வணக்கம்

விடின் நகரத்து யோர்தாங்கா தன் ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு அவள் பெயரில் ஒரு காபிக் கோப்பைப் படமும், "எழுந்தாச்சா செல்லம்?" என்ற வரியும் வந்துகொண்டே இருந்தன. ஸ்பெயினில் ஆரஞ்சு பறிக்கும் மகள் நெவேனா தவறாமல் பதில் எழுதினாள்.

எதிர்வீட்டு வாசில்கா தன் போனை நீட்டினாள். "மறந்துபோச்சுன்னு கதை விட்டியே, இது யாருடி? உன் பேயா?"

படத்தில் இருந்தது யோர்தாங்காவின் சமையலறை. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

உடனே மகளுக்கு போன் செய்தாள். "நெவேனா, அது நான் இல்லம்மா."

"விளையாடாதேம்மா. நேத்துகூட ஒரு மணி நேரம் எழுதிட்டிருந்தோமே! போன்ல வந்தா ஊருக்கு வா, ஊருக்கு வான்னு அழறே. ஃபேஸ்புக்ல எவ்வளவு நல்லா பேசறே! இனிமே அதுலயே பேசு."

நெவேனா போனை வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தும் எடுக்கவில்லை.

வாசில்கா தன் கணக்கிலிருந்து அந்தப் படத்தின் கீழேயே எழுதினாள்: "நெவேனா, இது உங்கம்மா இல்ல. அவ என் பக்கத்துல உக்காந்து அழுதுட்டிருக்கா. ஒரு தடவை வந்து பாரு."

ஒரே நிமிடத்தில் யோர்தாங்காவின் பெயரில் பதில் வந்தது: "வாசில்கா, என் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதே."

அந்தப் பதிலுக்கு நெவேனா ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.