பின்னால் வரும் புள்ளி

பைக்கில் வந்தவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தார்ரோட்டில் தள்ளினான் விருமாண்டி. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். உயரம், உடம்புவாகு எல்லாம் அவன் தங்கை கனகலட்சுமியேதான்.

"எறங்குடி கீழ!" ஒரு கையில் அரிவாளை ஓங்கிக்கொண்டு, மறு கையால் துப்பட்டாவைப் பறித்தான்.

யாரோ ஒரு பெண். பயத்தில் அவளுக்கு அழக்கூட வரவில்லை. கீழே கிடந்தவனின் முழங்கை உரிந்து ரத்தம் கொட்டியது.

"அண்ணே, இது வேற ஆளுண்ணே! வந்து ஏறுங்க!" காருக்குள்ளிருந்து கத்தினான் சுருளி, விருமாண்டியின் சித்தப்பா மகன்.

சுருளியின் கையில் விருமாண்டியின் செல்போன் இருந்தது. அதன் வரைபடத்தில், கனகாவின் முகம் போட்ட சின்னப் புள்ளி ஒன்று அதே திருச்சி ரோட்டில், அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றது. காலேஜில் சேர்த்த அன்றே, தங்கை எங்கே போனாலும் தனக்குத் தெரியும்படி அவள் போனில் செய்து வைத்தவன் விருமாண்டி.

அந்தக் கனகாதான் இன்று காலை பீமாராவோடு போய்விட்டாள். பீமாராவ் வேற்றுச் சாதிக்காரன். "கொட்டாம்பட்டியில அவன் சின்னாத்தா வீடு இருக்காம்ப்பா. அங்கதேன் போறாகளாம்" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள் ஆத்தா முத்துத்தாய். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆனையூர் வீட்டு வாசலிலிருந்து கார் சீறிக் கிளம்பிவிட்டது.

"ஆத்தா சொன்னது சரியாத்தேன் இருக்கு. இதே ரோட்டுலதேன் வாரா" என்றான் விருமாண்டி. "ரெண்டு பேரையும் ரோட்டுலயே வெட்டிப் போடலன்னா நான் மீசை வச்சதுக்கு அர்த்தமில்லடா."

மேலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சுருளி பரபரத்தான்.

"அண்ணே, புள்ளி நகந்துருச்சு! நாம தண்ணி பாட்டில் வாங்குனோம்ல, அந்த டீக்கடையில நிக்குது."

கார் வந்த வழியே திரும்பிப் பறந்தது. கடைக்காரர் கருப்பு பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். விருமாண்டி கடைக்குள் பாய்ந்து, பின்கட்டு, தடுப்பு, சாக்கு மறைப்பு ஒன்று விடாமல் புரட்டிப் போட்டான். யாரும் இல்லை.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

"யாரண்ணே? சித்த முன்னால நீங்கதேன் வந்துட்டுப் போனீக. பெறகு ஒரு ஈ காக்கா வரல."

"பொய்யா சொல்ற?" அரிவாளைத் திருப்பி, அதன் முதுகால் கருப்புவின் நெற்றியில் அடித்தான். அவர் சாய்ந்த வேகத்தில் அடுப்பிலிருந்த பால்சட்டி கவிழ்ந்து தொடையெல்லாம் வெந்தது. அவர் அலறிய அலறலில் எதிர் வயலிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது.

சுருளிதான் அவனை இழுத்துக் காருக்குள் திணித்தான். ஒரு கல் வந்து பின்கண்ணாடியைச் சிதறடித்தது.

"அவ போன்ல சார்ஜ் கம்மின்னு காட்டுதுண்ணே. பேட்டரி சேவர் போட்டிருந்தா புள்ளி பைய்யத்தேன் நகரும். நம்ம வாரதுக்குள்ள அவ கெளம்பியிருப்பா."

"அப்ப முன்னாலதேன் போறா. புடிச்சிரலாம்." விருமாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தான்.

வழியில் அவன் போனும் சாகக் கிடந்தது. சார்ஜ் சின்னம் சிவந்துவிட்டதைப் பார்த்த சுருளி, அதில் வைஃபையை அணைத்தான். காரோடு இணைந்திருந்த புளூடூத்தையும் அணைத்தான்.

"இன்னொரு தடவ அவளுக்குப் போடு" என்றான் விருமாண்டி.

"காலையிலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கேண்ணே. மணி போகுது, எடுக்க மாட்டேங்கிறா."

"போடுறாங்கிறேன்!"

சுருளி தன் போனிலிருந்து கனகாவின் எண்ணை அழுத்தினான்.

மறுநொடி காருக்குள் நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து அலறின. விருமாண்டி பதறிப் பிரேக்கை மிதித்தான். கார் சரிந்து புளியமரத்தை உரசி நின்றது. காரின் திரையில் பெரிதாக எழுத்து மின்னியது: 'சுருளி அண்ணன் அழைக்கிறார்.'

விருமாண்டியின் போன் விலகியதும், பழகிய இன்னொரு போனைக் கார் தானாகவே பிடித்துக்கொண்டிருந்தது. கனகாவுக்கு இதே காரில் ஓட்டப் பழக்கியவன் விருமாண்டிதான். அப்போது இணைத்த கனகாவின் போன் அது.

விருமாண்டி தன் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். சத்தத்தை அடக்கி வைத்த கனகாவின் போன் கையில் தட்டுப்பட்டது. இவ்வளவு நேரமும் அவன் துரத்தியது தன்னையேதான்.

பின்னால் ரோட்டில் போலீஸ் ஜீப்பின் சைரன் கேட்டது. செத்துக்கொண்டிருந்த தன் போனில் விருமாண்டி வீட்டுக்கு அழைத்தான்.

"ஆத்தா, கனகா போனு நம்ம காருக்குள்ள கெடக்கு! கூட இருந்தே குழி பறிச்சிருக்காய்ங்க. எவன் வச்சான்னு சொல்லு, வந்து அவன் கழுத்த அறுக்குறேன்!"

மறுமுனையில் அழுகையே இல்லை.

"நான்தேன்டா."