எல்லாமே பச்சை

"ஒண்ணுகூட சிவப்பு இல்லையா? நிஜமாவா சொல்றீங்க?"

"நாலாயிரத்து இருநூறு சோதனையும் பச்சை, மேடம். எல்லாமே பாஸ். நீங்களே பாருங்க." சோதனையாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் புதிய கம்பைலர் தந்த விடையும், கோப்பில் எழுதி வைத்திருந்த சரியான விடையும் அச்சு அசலாக ஒத்துப்போவதாக அது காட்டியது.

மேலாளர் பூரித்துப்போனார். "அப்போ மத்தியானமே வாடிக்கையாளருக்கு அனுப்பிடலாம். அடுத்த மாசத்திலிருந்து நீங்கதான் குழுத் தலைவர்!"

அவர் போனதும் சோதனையாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையிலிருந்து பக்கத்திலேயே தயங்கி நின்ற புதுப் பெண்ணிடம், "என்னம்மா, லீவு வேணுமா? கேளு" என்றார் தாராளமாக.

"இல்லைண்ணா. திட்டாதீங்க. நேத்து தெரியாத்தனமா கம்பைலரையே அழிச்சிட்டேன். இன்னும் திருப்பிப் போடலை. அது இல்லாம எப்படிண்ணா எல்லாம் பச்சையா வந்துச்சு?"

சோதனையாளர் சட்டென்று சோதனை நிரலைத் திறந்தார். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: விடை ஒத்துப்போகாவிட்டால், வந்ததையே சரியான விடையாக எழுதிக்கொள். அதை எடுக்க மறந்தே போனார். இன்று விடையே வரவில்லை. அந்த வெறுமையும் நாலாயிரத்து இருநூறு முறை சரியான விடையாகப் பதிவாகியிருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேலாளர் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா தாயே, மேடம் இங்க வர்றதுக்குள்ள, எதையாவது செஞ்சு ஒரே ஒரு சிவப்பு வரவைக்க முடியுமா?"