இரண்டு ஷிஃப்ட், ஒரு ஷட்டர்

தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது பேச்சிராஜுக்கு. மாமல்லபுரத்தில் கரையேறிய புயல், ஒரகடம் கம்பெனியின் இரும்பு ஷட்டரை வெளியிலிருந்து தள்ளியது. அவனும் முன்பின் பார்த்திராத ஒருவனும் உள்ளிருந்து தோள்கொடுத்து நின்றார்கள். பின்னால், பஸ் ஓடாததால் மாட்டிக்கொண்ட இரண்டு ஷிஃப்ட் ஆட்கள். ஷட்டர் பிய்ந்தால் அவர்கள் மேல்தான் விழும்.

"எந்த ஊருண்ணே?" என்றான் பேச்சிராஜ்.

"சங்கரன்கோவில். பேரு உச்சிமாகாளி. நைட் ஷிஃப்ட். ஏதாவது பேசுங்க, வலி தெரியாது."

"நீங்களே பேசுங்க."

"எங்க ரூம்ல ஒரு பய இருக்கான். என் தலையணை பூரா அவன் எண்ணெதான். ஆளு கையில கெடைக்கட்டும், ரெண்டு குத்து விடுதேன்."

"விடுங்க. இப்ப கைய எடுத்துராதீங்க."

மாலையில் காற்று அடங்கியது. சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன் ஓடி வந்தார்.

"ஒருத்தன் மேலயும் கீறல் இல்லப்பா. இன்னா தோளுய்யா உங்களுது."

இருவரும் நெஞ்சு நிமிர்த்தி வெள்ளத்தில் நடந்தார்கள். சேரப்பணஞ்சேரியில் ரூம் வாசலில் நின்று உச்சிமாகாளி சாவியை எடுப்பதற்குள், பேச்சிராஜ் தன் சாவியால் அதே பூட்டைத் திறந்தான்.

பகலில் ஒருவன், இரவில் ஒருவன் என்று ஒரே கட்டிலுக்கு இரண்டு பேரிடம் வாடகை வாங்கும் ரூம் அது. ஒருவன் போன பிறகுதான் மற்றவன் வருவான். ஒரு வருஷமாக இருவரும் முகம் பார்த்ததில்லை.

உச்சிமாகாளி அவனுடைய எண்ணெய்த் தலையையே பார்த்தான்.

"எலே, நீதானா?"

"குத்துங்கண்ணே."

"கை தூக்க முடியலடே. கட்டில்ல தள்ளிப் படு."

அந்த இரண்டு குத்து இன்னும் பாக்கி இருக்கிறது.