எதிர்க்கடையில் என்ன தப்பு?

“இத்தனை வருஷம் என்கிட்ட வேலை பார்த்தவ, இப்போ எனக்கு நேர் எதிர்லயே கடை போட்டுட்டா சார்!” என்று பொருமினார் தையல்கடைக்காரர். “சட்டப்படி அங்க என்னென்ன தப்புன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க.”

வயிற்றெரிச்சல் என்று வக்கீல் நினைத்துக்கொண்டார்.

“நானும் பார்த்தேன். போர்டு நடைபாதைக்கு நீட்டிக்கிட்டிருக்கு. அவசரத்துக்கு வெளியேற இன்னொரு வழி இல்ல. வேலைக்கு வெச்ச பொண்ணுங்களைப் பதிவு பண்ணல. கடையை இழுத்துப் பூட்ட இது போதும். புகார் எழுதவா?”

“ஐயையோ!” என்று பதறினார் அவர். “அதிகாரிங்க வர்றதுக்குள்ள நீங்க போய் அவளைச் சரிபண்ணச் சொல்லுங்க சார். உங்க ஃபீஸை நான் தர்றேன். அவளுக்குத் துணி வெட்டத்தான் தெரியும், சட்டமெல்லாம் தெரியாது.”

“இதை நீங்களே சொல்லலாமே?”

“எங்க சார்! நான் கோபமா இருக்கேன்னு பயந்து, என் கடைப் பக்கமே திரும்ப மாட்டேங்கறா.”